டீச்சரக்காவுக்கு ஒரு வாழ்த்துரை

டீச்சரக்கா,

உங்களுக்கு எழுபத்தைந்து வயது நிறைவதற்காகச் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறார்கள். சிறு மலர் ஒன்றும் போடுகிறார்கள். "அக்காவப் பத்தி ரெண்டு பக்கம் புகழ்ந்து எழுதிக் குடு, உனக்குத்தான் அதெல்லாம் வரும்" என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் போனில் கேட்டார். எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. எழுதி முடித்ததும் இதை மலருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. முதலில் உங்கள் கையில் தருகிறேன். தனியாக, ஒரு சாயங்காலம் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் படித்த பிறகு, அச்சில் ஏறலாம் என்று நீங்கள் சொன்னால் ஏறட்டும். பெயர் எதுவும் எழுதவில்லை. இதில் உள்ள புகழ்ச்சியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் ஞாபகசக்தியிலிருந்து தொடங்குகிறேன். முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேடு எடுத்த ஞாபகம் அது. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், நரைத்த தாடியோடு நின்ற ஒருவரை நிறுத்தி, "நீ அஞ்சாங்கிளாஸ் பி செக்ஷன், ஜன்னல் ஓரம், ரெண்டாவது பெஞ்சுதானே?" என்று கேட்டீர்கள். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சபையில் யாருடைய பிறந்தநாளும் உங்களுக்குத் தப்பாது. எந்த வீட்டில் எந்த மாதம் கல்யாணம், எந்த மாதம் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம், இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் என்பதை விரல் மடக்காமல் சொல்வீர்கள். கணக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் குடித்துவிட்டு வந்து படிக்கட்டில் விழுந்தாரே ஒரு அண்ணாச்சி, அவரை உங்களுக்கு நினைவிருக்கும். அவர் குடியை விட்டு இருபது வருஷம் ஆகிறது. இப்போது காணிக்கை எண்ணும் மேசையில் உட்காருகிறார். அவர் பேச்சு வரும்போதெல்லாம் அந்த இரவை நேற்று நடந்ததுபோலச் சொல்வீர்கள். என்ன சட்டை போட்டிருந்தார், எத்தனையாவது படியில் விழுந்தார், யார் தூக்கிவிட்டார்கள் என எதுவும் விட்டுப்போகாது. குடியை நிறுத்திய தேதியை உங்களிடம் ஒருமுறை கேட்டேன். யோசித்தீர்கள். பிறகு, "அது தெரியலையேம்மா" என்றீர்கள். உங்களுக்குத் தெரியாத தேதி ஒன்று நம் சபையில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பெருமழையைப் பற்றிச் சொல்லாமல் உங்களைப் பற்றி எழுத முடியாது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுத் தண்ணீருக்குள் போயின. மாடி வரைக்கும் ஏறி நின்றவர்களைப் படகில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். சபை மண்டபத்தின் சாவி சபைச் செயலாளரிடம் இருந்தது. செயலாளரோ தண்ணீருக்கு அந்தப் பக்கம். நீங்கள் பூட்டை உடைக்கச் சொன்னீர்கள். கமிட்டியில் ஒருவர் தயங்கியபோது, "தண்ணி என்ன கமிட்டி கேட்டுட்டா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, கடப்பாரையை நீங்களே எடுத்து ஒரு பையன் கையில் கொடுத்தீர்கள்.

மூன்று நாள் அந்த மண்டபத்தில் நாம் இருந்தோம். கரண்ட் இல்லை. போன் இல்லை. கல்யாண அண்டாவில் புளிசாதம் கிளறினீர்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் போட்டதால் முதல் நாள் உப்பு கூடிவிட்டது. தண்ணீர் சொட்டச்சொட்ட வந்தவர்களில் யார் நம்மவர், யார் வேறு மதம், யார் எந்தத் தெரு என்று நீங்கள் பார்க்கவில்லை. சாதாரண நாளில் புதிதாக யார் வந்தாலும் நீங்கள் கேட்கும் மூன்று கேள்விகள் உண்டு. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், யார் வீட்டு வகை. மூன்றாவது பதில் வருவதற்குள் அவர்களை மனதுக்குள் எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று முடிவாகிவிடும். அந்த மூன்று நாளும் அந்தக் கேள்விகளை உங்கள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. பிற்பாடு இதைச் சொன்னபோது, "கேக்க எங்கம்மா நேரம்?" என்றீர்கள்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு பெண் ஆறேழு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் வைக்கிற வயதில்லை அவனுக்கு. ஆனால் இறக்கிவிடத் தரையில்லாமல் அப்படியே தூக்கி வந்திருந்தாள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு புடவையும் உள்பாவாடையும் எடுத்துவரச் சொன்னீர்கள். அவள் தலையை நீங்களே துவட்டிவிட்டீர்கள். சொந்தப் பிள்ளைக்குத் துவட்டுகிற மாதிரி, காதுக்குப் பின்னால் எல்லாம். வேறு எந்த நற்செய்தியும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு அவள் நம் ஆராதனையில் இருந்தாள், தூண் ஓரம், மூன்றாவது வரிசையில்.

அவள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் கண். எழுபது வயதை ஒட்டிக் கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட கண் அது. மருத்துவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். முட்டு வலிக்கு எண்ணெய் வாங்க நீங்கள் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். ஒரு புதன்கிழமை, பக்கத்திலிருக்கிற நெஞ்சக நோய் மருத்துவமனையின் வாசலில் ஒரு மஞ்சள் பை. அதைப் பிடித்திருந்த கை. சாலையில் ஆட்டோவும் ஷேர் ஆட்டோவும் மறைக்க, அந்தக் கூட்டத்திலும் அந்தக் கையை அடையாளம் கண்டுகொண்டீர்கள். மஞ்சள் பையில் மருந்து இருக்கிறது என்றும், அது எந்தக் கட்டடத்து மருந்து என்றும் கண்டுகொண்டீர்கள்.

அந்த மருத்துவமனையின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நீங்கள் சொல்லித்தான் நானே கேட்டிருக்கிறேன். டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய்க்காரர்களுக்குச் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார். முத்து ஊருக்குத் திரும்பி, மருந்தில்லாத அந்த நோய்க்கு நல்ல காற்றும் ஓய்வும் கொடுக்க ஒரு இடம் தேடியபோது கிடைத்தது இந்தப் பொட்டல், 1928-ல் சானடோரியம் தொடங்கியது. 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின நிலையத்துக்கு அந்தப் பெயரே நிலைத்தது. என் பாட்டி காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே காபி குடிக்காமல் எழுந்துபோவார்களாம். "அந்த வீட்டுல ஒருத்தர் சானடோரியத்துல இருந்தவராம்" என்பது போதும். பிறகு மாத்திரை வந்தது, காசநோய் தீர்கிற நோயானது, பேச்சும் அடங்கியது. பேச்சு அடங்கி ரொம்ப நாள் ஆகவில்லை, 1993 முதல் அதே மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. வேறு எங்கும் படுக்கை கிடைக்காதவர்கள் வடநாட்டிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்றுவரை சாகிறதற்கென்று வந்த இடம், மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிற இடமாக மாறியது.

அங்கே மருந்துச் சன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர்களுக்கு உங்கள் சாமர்த்தியம் கிடையாது. நானே நின்று பார்த்தேன். அவர்களுக்கு விசாரிக்கவே தெரியவில்லை. எடை எவ்வளவு, காய்ச்சல் உண்டா, போன மாத மாத்திரையில் எத்தனை மிச்சம் என்று மட்டுமே கேட்கிறார்கள். எப்படி வந்தது, யாரால் வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

1986-ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு பேருக்கு இருந்தது. சுனிதி அந்த ஆறு பேரோடு நின்றுவிடவில்லை. 2015-ல் சாகும்வரை அந்த நோயாளிகளோடேயே இருந்தார். எச்.ஐ.வி. உள்ள பையனுக்கு எச்.ஐ.வி. உள்ள பெண்ணை வரன் பார்த்து முடித்துக்கூட வைத்தார். வரன் பார்ப்பதில் நீங்களும் கெட்டிக்காரர்தான், அக்கா. உங்கள் கையால் முடிந்த கல்யாணம் நாற்பதுக்குக் குறையாது. இரண்டு பேர் கைராசியும் ஒன்றே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் மஞ்சள் பையைக் கண்ட புதன்கிழமைக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. நீங்கள் ஜெபிக்க எழுந்தால் எங்களுக்கு மெய் சிலிர்க்கும். உங்கள் குரலுக்கு அப்படியொரு பாரம் உண்டு. முதலில் ஜெபக் குறிப்புகளைச் சொன்னீர்கள். பேராயத்துக்காக, நோயாளிகளுக்காக, தேர்வெழுதும் பிள்ளைகளுக்காக. பிறகு சற்று நிறுத்தினீர்கள்.

"பேர் சொல்ல மாட்டேன். நம்ம சபையில ஒரு சகோதரி. புருஷன் இல்லாதவ, ஒரே ஒரு பையன். எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேல. மாசாமாசம் புதன்கிழம சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போறா. என்ன வியாதின்னு நான் சொல்லல, உங்களுக்கே விளங்கும். பாவம், வாழ்க்கை எப்படி இருந்துச்சோ, என்னமோ. ஜெபத்துல வச்சுக்கோங்க."

பெயரைச் சொல்ல மாட்டேன் என்றீர்கள், கடைசிவரை சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காத்தீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது உண்மையான தண்ணீர், எனக்குத் தெரியும். நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். பாய் சுருட்டி எழுந்திருக்கும்போது பதினோரு பேருக்கும் அவள் பெயர் தெரிந்திருந்தது. அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தி. நானும் ஆமென் சொன்னேன்.

வேதத்தில் உங்கள் தேர்ச்சியை நம் குருவானவரே மெச்சுவார். வசனம் எங்கே என்று ஆராதனை நடுவில் தடுமாறினால் முன்வரிசையில் உங்களைத்தான் பார்ப்பார். மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் உங்களுக்கு மனப்பாடம். தப்பு செய்த சகோதரனிடம் எப்படிப் போக வேண்டும் என்று அங்கே ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தனியாகப் போய் அவனிடம் மட்டும் பேச வேண்டும். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. இந்த வரிசையைச் சிறுவர் ஞாயிறு பள்ளியில் படம் போட்டு எங்களுக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். மூன்று படிக்கட்டு, மேல் படியில் ஒரு கோயில். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்றாவது படியிலிருந்து ஆரம்பித்தீர்கள். மற்ற இரண்டு படியிலும் இன்றுவரை உங்கள் கால் படவில்லை. அவளோ எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் தப்பு செய்யவில்லை என்று நான் எழுதும்போது, அவள் பக்கம் வாதாடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இங்கே எழுதப்போவதுமில்லை. புருஷனிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் நம் சங்கத்தில் பாதிப்பேர் அவளை மன்னித்துவிடுவார்கள். வேறு விதமாக வந்தது என்று தெரிந்தால் அந்த மன்னிப்பு திரும்பிப் போய்விடும். அப்படிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற மன்னிப்பை அவளுக்காக யாரிடமும் கேட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்வியும் இதுவே. இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா? இயேசு இரண்டுமில்லை என்று சொல்லிவிட்டு, தரையில் துப்பிச் சேறு பிசைந்தார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எங்களுக்கு நடத்தும்போது இந்த இடத்தில் நீங்கள் எப்போதும் நிறுத்தி, "சேறு அவர் கையில ஒட்டிச்சு, பாத்தீங்களா" என்பீர்கள். வேறு எந்தப் பிரசங்கியும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நியாயந்தீர்க்கக் கூடாது என்பதற்குக் கண்ணை மூடிக்கொள் என்று அர்த்தமில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. முழுக்கச் சரி. துரும்பையும் உத்திரத்தையும் பற்றிப் பேசுகிற அதே ஏழாம் அதிகாரத்தில்தான் கனியைப் பார்த்து மரத்தை அறியச் சொல்லியும் இருக்கிறது. உத்திரத்தை எடுத்த பிறகு துரும்பையும் எடுக்கத்தான் சொல்கிறது. நீங்கள் அப்படி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கமிட்டியில் பெரிய மனிதராக இருந்த ஒருவர் வீட்டில் மனைவியை அடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரியும், ஒருவரும் பேசவில்லை. நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குத் தனியாகப் போய் அவர் வீட்டு கேட்டில் நின்றீர்கள். "கதவத் தொறங்க, உள்ள வந்து உக்காரணும்" என்றீர்கள். உட்கார்ந்தீர்கள், காபி வேண்டாம் என்றீர்கள், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் என்ன பேசினீர்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஜெபக் குறிப்பிலும் வரவில்லை. அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். அடிக்கிற கையைப் பிடிக்கிற நியாயத்தீர்ப்பு என்றால் அதற்கு நான் ஒருநாளும் எதிரியில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரமும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கெட்டு நடந்த ஒருவனைச் சபைக்கு வெளியே வைக்கச் சொல்லும் அதிகாரம் அது. கமிட்டிக் கூட்டத்தில் அதை நீங்கள் எடுத்துச் சொன்னால் எதிர்ப்பேச்சு இருக்காது. இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் துக்கத்தில் மூழ்கிப்போகாதபடி ஒருவனை மன்னித்துத் தேற்றச் சொல்கிறார். அந்த ஆளே இந்த ஆள் என்று பழைய காலத்திலிருந்து பலர் வாசித்து வந்திருக்கிறார்கள். முதல் நிருபத்திலிருந்து இரண்டாம் நிருபத்துக்கு வேதப் புத்தகத்தில் சில தாள்தான் தூரம்.

திருவிருந்தைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. எழுதத்தான் வேண்டும். பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஒரே கிண்ணத்தில் நாம் குடிப்போம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, எழுந்து போகும்போது வரிசை தானாகவே மாறியது. யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒரு அக்கா செருப்பைச் சரிசெய்ய நின்றார். இன்னொருவர் குழந்தையைத் தூக்கத் திரும்பினார். அவள் போய் முழங்காலிட்டபோது அவளுக்கு முன்னால் எல்லாரும் குடித்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதற்கடுத்த மாதம் அவளே கடைசியில் எழுந்தாள். அதற்கடுத்த மாதம் எழவில்லை.

எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கிண்ணத்தில் குடித்தால் பரவாது. மருந்தை ஒழுங்காக எடுக்கிறவர்களின் ரத்தத்தில் அந்தக் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதெல்லாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் நீங்களும் ஒருவர். எட்டாம் வகுப்பு அறிவியல், சிவப்பு நாடா படம், கரும்பலகையில் உங்கள் அழகான கையெழுத்து.

அவள் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த கடைசி மாதங்களில் ஒருநாள் நான் போய்த் தூண் ஓரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காணிக்கைக்குச் சில்லறை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு வெள்ளை மருந்து டப்பா. மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். கொஞ்சம் பசை அழுக்காகக் கறுத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மாத்திரைகளுக்கு மேலே பஞ்சு அடைத்திருந்தது. நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"குலுங்கினா சத்தம் வரும்க்கா" என்றாள். "ஜெபம் பண்ணும்போது கேட்டுரும்."

உங்கள் அப்பாவை நீங்கள் எப்போதும் பெருமையாகச் சொல்வீர்கள். 1938 டிசம்பரில் சேலையூரில், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில், உலகத்துச் சபைகளின் பெரிய மாநாடு நடந்தபோது விடுதிச் சமையல்கட்டில் வேலை செய்த இளைஞர் அவர். எழுபது நாடுகளை ஒட்டி ஆள்கள் வந்தார்கள். நம் கல்லூரி நகரத்திலிருந்து இந்தக் காட்டுக்கு வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மற்ற மதத்து மனிதர்களைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்ப்பது என்பதே அங்கே பெரிய வழக்கு. டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கென்று தடித்த புத்தகம் எழுதி வந்திருந்தார். மனிதர் கட்டிய எல்லா மதங்களும் கடவுளின் வெளிப்பாட்டுக்கு முன்னால் தீர்ப்புக்கு நிற்கின்றன என்றார். அவர் சொன்னதில் பாதியைத்தான் பலர் நினைவில் வைத்தார்கள். மனிதர் நடத்துகிற கிறிஸ்தவமும் அதே கூண்டில் நிற்கிறது என்று அவர் சொன்னது மறுபாதி. எதிர்ப்பக்கம் சென்னையின் தமிழ், தெலுங்குக் கிறிஸ்தவர்கள் சிலர் சேர்ந்து அவருக்கு மறுப்பாக ஒரு புத்தகம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் பி. செஞ்சையா. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். தீர்ப்புச் சொல்வதே தொழிலான அந்த மனிதர், தான் பிறந்த இந்து வீட்டைத் தீர்ப்புச் சொல்லி ஒதுக்கவில்லை. உங்கள் அப்பா அந்த வாதங்களைக் கேட்டிருக்க மாட்டார். எழுபது நாட்டுக்காரர்களுக்கும் ஒரே கரண்டியால் சாம்பார் ஊற்றினேன் என்பது மட்டுமே அவர் சொன்ன கதை. அந்தக் கரண்டி இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. புளிசாதத்துக்கு அதைத்தான் கொண்டுவந்தீர்கள்.

நம் தொண்டை மண்டலத்தை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது வந்த ஔவையாரை நீங்கள் ஏழாம் வகுப்புக்கு நடத்துவீர்கள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலோடு இருந்தன அவன் வேல்கள். ஔவையார் அவற்றை மெச்சினார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உங்களிடம் இருக்கிற எல்லாமே அழகானவை, அக்கா. ஞாபகம், கண், குரல், வேதம், தைரியம். நான் இருபது வருஷமாக உங்களைப் பார்த்து வளர்ந்தவள். ஒருமுறை, மூன்று நாள் மட்டும், அவை எல்லாம் சேற்றில் இறங்கி நுனி மழுங்கியதைப் பார்த்தேன். அந்த மூன்று நாளை மறக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுத வந்தது.

போன புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவளோடு மருத்துவமனைக்குப் போனேன். முதல்முறை. ஆமென் சொன்ன வாயோடு அவள் வீட்டு வாசலில் நின்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்க எனக்கு இத்தனை நாள் பிடித்தது. அதைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. பையனைப் பற்றிச் சொன்னாள், பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறானாம். வரிசையில் ஒரு மணி நேரம். மாத்திரை எண்ணிப் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் டீ குடித்தோம். எதிரே சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்கள் எண்ணெய் பாட்டிலும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு டீச்சரம்மாவ இங்கதான் பாத்தேன்க்கா" என்றாள். "அவங்களும் என்னப் பாத்தாங்க. படி எறங்க முடியல அவங்களால. கம்பியப் புடிச்சிட்டு அப்படியே நின்னுட்டாங்க. வலி மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. கையப் புடிச்சு எறக்கி விடலாம்னுதான் ரோட்டத் தாண்டுனேன். அதுக்குள்ள திரும்பிட்டாங்க."

டீயை முடித்துவிட்டு டம்ளரைக் கடைக்காரர் வாளியில் அவளே கழுவி வைத்தாள். ரயிலுக்கு நடக்கும்போது கேட்டாள்:

"முட்டு வலி இப்ப எப்படிக்கா இருக்கு அவங்களுக்கு?"